ஜியாங்சு சாலையில் ஒரு வீடு: ஃபூ லெய் குடும்பத்துக்கு நடந்தது

1966 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு. ஷாங்காயில், ஜியாங்சு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து வீட்டில், 58 வயது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தன் மைத்துனருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் கொடுக்கல் வாங்கல் கணக்குதான். செப்டம்பர் மாத வாடகை 55.29 யுவான், பணம் இத்துடன் இருக்கிறது. பழுது பார்த்துத் தரச்சொல்லி நண்பர் ஒருவர் கொடுத்த கைக்கடிகாரத்தை அவரிடமே சேர்த்துவிட வேண்டும். உறவினர் பத்திரமாக வைக்கச்சொல்லிக் கொடுத்த நகைகள் பறிமுதல் ஆகிவிட்டன, அதற்கு ஈடுகட்ட வேண்டும். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு 600 யுவான் வைப்புச் சீட்டு. அவர் உழைத்துப் பிழைப்பவர், துணையில்லாதவர், எங்களால் அவருக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று தனியாக ஒரு வரி. கடைசியில் 53.30 யுவான் ரொக்கம், எங்கள் இருவரின் தகனச் செலவுக்கு.

விடிந்தபோது ஃபூ லெய்யும் அவர் மனைவி ஜூ மெய்ஃபூவும் உயிரோடு இல்லை.

யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமல் போனவர்கள். ஆனால் அதே கடிதத்தில், தீர்க்க முடியாத கடன்போல ஒரு விஷயத்தையும் எழுதியிருந்தார்கள்: ஒரு துரோகியை வளர்த்து ஆளாக்கியது ஒன்றே போதும், மக்கள் முன்னால் எங்கள் குற்றத்துக்குச் சாவும் ஈடாகாது. அந்தத் 'துரோகி' அவர்களுடைய மூத்த மகன். அப்போது லண்டனில் இருந்தார். உலகம் அறிந்த பியானோ கலைஞர்.

பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதிவைத்துவிட்டுப் போகும் நிலைமைக்கு, பாசம் மிகுந்த ஒரு குடும்பம் எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவர் எடுத்த முடிவும் இன்னொருவர் தலையில் போய் இறங்கியது. தகப்பன் மீதான பழி மகனை நாட்டைவிட்டு ஓட வைத்தது. மகன் ஓடியது தகப்பன் மீதான குற்றமாகத் திரும்பி வந்தது. பாசக் கயிற்றையே கைவிலங்காக்கத் தெரிந்த ஒரு அரசியல் காலம் அது. அந்தக் கயிறு எங்கெங்கே இறுகியது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

தபாலில் சேராத ஒரு கடிதம்

ஃபூ லெய் 1908 ஏப்ரலில் ஷாங்காயை ஒட்டிய நன்ஹுய் பகுதியில் பிறந்தவர். நான்கு வயதில் அப்பா போய்விட்டார். பொய்வழக்கில் சிறைக்குப் போய், நோயோடு திரும்பி, சீக்கிரமே இறந்த மனிதர் அவர். அந்த அநியாயத்துக்கு நியாயம் கேட்டு அம்மா அலைந்த நாட்களில், கவனிக்க ஆளில்லாமல் வீட்டின் சின்னக் குழந்தைகள் மூவரும் இறந்துபோனார்கள். மிஞ்சியது ஃபூ லெய் மட்டும். இளம் விதவையான அந்தத் தாய், தன் மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு பிள்ளைமேல் ஏற்றிவைத்தார். படிப்பில் கொஞ்சம் அசந்தாலும் கடுமையான தண்டனைதான். இதைச் சொல்லாமல் பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு குடும்பத்தை அதிகாரம் நொறுக்கினால் என்ன மிஞ்சும் என்பதை அவர் நான்கு வயதிலேயே பார்த்துவிட்டார்.

19 வயதில் பாரிஸுக்குக் கப்பலேறினார். இலக்கியமும் கலை வரலாறும் படித்தார். அங்கே ஒரு பிரெஞ்சுப் பெண்மேல் காதல் வந்தது. ஊரில் முறைப்பெண் ஜூ மெய்ஃபூவோடு நிச்சயம் ஆகியிருந்தது. அந்த நிச்சயத்தை முறித்துவிடும்படி அம்மாவுக்குக் கடிதம் எழுதி, தபாலில் போடச்சொல்லி ஒரு நண்பரிடம் கொடுத்தார். நண்பர் போடவில்லை. காதல் சில மாதங்களில் முறிந்தது. அம்மாவைக் கொன்றிருப்பேனே என்று ஃபூ லெய் உடைந்துபோன வேளையில், நண்பர் அந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அந்த நண்பர் லியூ காங். பிற்காலத்தில் சிங்கப்பூர் ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவராக ஆனவர். பிற்காலத்தில் கடிதங்களாலேயே அறியப்பட்ட இந்தக் குடும்பம் உருவானதே, அனுப்பாமல் விட்ட ஒரு கடிதத்தால்தான்.

1931இல் நாடு திரும்பினார். 1932இல் திருமணம். 1934 மார்ச்சில் ஃபூ ட்சுங் பிறந்தார், 1937இல் ஃபூ மின். ரொமெய்ன் ரோலந்தின் 'ஜான் கிறிஸ்தோஃப்' நாவலைச் சீனத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி பற்றி எழுதியவர் என்று தெரிந்த அதே ரோலந்துதான். அப்புறம் பால்சாக், வோல்த்தேர், மெரிமே. இன்றும் சீனத்தில் பால்சாக்கைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஃபூ லெய்யின் மொழியில்தான் படிக்கிறார்கள். அவர் எந்த அலுவலகத்திலும் சம்பளத்துக்கு இருக்கவில்லை. புரட்சிக்குப் பிறகும் மொழிபெயர்ப்புக்கு வரும் பணத்தில் மட்டுமே வீட்டை நடத்திய மிகச் சிலரில் ஒருவர். யாரையும் சாராத வாழ்க்கை என்று அதில் அவருக்குப் பெருமை உண்டு. பின்னால் ஒரே உத்தரவில் அவர் அடுப்பை அணைக்க முடிந்ததும் அதனால்தான்.

மாடியிலிருந்து கேட்கும் அப்பா

ட்சுங்குக்குச் சங்கீதக் காது இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். சீன இலக்கியமும் வரலாறும் தத்துவமும் தானே தேர்ந்தெடுத்துக் கையால் எழுதிப் பாடமாக்கினார். பியானோவுக்கு மாரியோ பாச்சி என்ற இத்தாலியர், ஷாங்காய் சிம்ஃபனி இசைக்குழுவை வளர்த்தவர். பையன் இசைத்தாளுக்குப் பதிலாகப் பழைய சாகச நாவல் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு கை போன போக்கில் வாசிப்பானாம். மாடியில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அப்பாவின் காது அதைப் பிடித்துவிடும். சத்தமில்லாமல் இறங்கி வந்து பின்னால் நின்று ஓர் அதட்டல். அடியும் உண்டு. கொஞ்சநஞ்சமல்ல.

1948 கடைசியில் உள்நாட்டுப் போர் நெருங்க, குடும்பம் குன்மிங்குக்கும் பிறகு ஹாங்காங்குக்கும் போனது. 1949 டிசம்பரில் ஷாங்காய்க்கே திரும்பியது. ஹாங்காங்கிலேயே தங்கியிருக்கலாம், எத்தனையோ பேர் தங்கினார்கள். ஃபூ லெய் திரும்பினார், புதிய சீனத்தில் தனக்கு வேலை இருக்கிறது என்று நம்பி. இதை ஏமாளித்தனம் என்று இன்று சொல்வது சுலபம். 1949இல் நின்று பார்த்தால், பல ஆண்டுப் போருக்குப் பிறகு நாடு ஒன்றாகிவிட்டது, மொழிபெயர்ப்பாளனுக்கு வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நான் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன்.

ட்சுங் மட்டும் குன்மிங்கில் தங்கிவிட்டார். அங்கே அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததில்தான் 1951இல் வீடு திரும்பினார். 1953 ஜனவரியில் அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. பீத்தோவனின் வயலின் சொனாட்டாக்களில் எது சிறந்தது என்பதில் ஆரம்பித்து, மகன் வீட்டைவிட்டு வெளியேறும் வரை போனது. அதே ஆண்டு புகாரெஸ்ட் இளைஞர் விழாவில் மகனுக்கு மூன்றாம் பரிசு. 1954 ஜனவரியில், போலந்தில் படிக்க அரசு அனுப்புகிறது என்று, முதலில் பெய்ஜிங்குக்குக் கிளம்பினார்.

ரயில் போன மறுநாளே அப்பா எழுத உட்கார்ந்தார். முதல் கடிதமே மன்னிப்புதான். அந்த ஜனவரிச் சண்டையை நினைத்தால் மனசாட்சி விடமாட்டேன் என்கிறது, உன்னைக் கொடுமைப்படுத்திவிட்டேன், இந்தப் பாவத்தை என்னால் கழுவவே முடியாது என்று எழுதினார். அந்தத் தலைமுறைச் சீனத் தகப்பன் மகனிடம் இப்படிப் பேசுவது லேசான காரியமா? கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது பேச முடியாததை, பிள்ளை கண்ணுக்கு மறைந்தவுடன் பேசத் தொடங்கினார். இடையில் ஒரு பத்து மாதம் தவிர, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நிறுத்தவில்லை.

வார்சாவும் பெய்ஜிங்கும்

1955இல் வார்சாவில், போலந்து இசையமைப்பாளர் ஷோபான் பெயரில் நடக்கும் பியானோ போட்டியின் ஐந்தாவது சுற்று. ஃபூ ட்சுங்குக்கு மூன்றாம் இடம், கூடவே மசூர்க்கா வாசிப்புக்கான தனிப் பரிசும். இரண்டாம் இடம் பெற்றவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரஷ்யப் பியானோ கலைஞர் அஷ்கெனாசி என்று சொன்னால் போட்டியின் தரம் புரியும். மசூர்க்கா என்பது போலந்துக்காரர்களின் சொந்தத் தாளம், நடனத்திலிருந்து வந்தது, வெளியாருக்குப் பிடிபடாது என்று பெயர். அதை ஒரு சீன இளைஞர் பிடித்தார். வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்த பழைய சீனக் கவிதையிலிருந்துதான் ஷோபானுக்குப் போகும் வழி தனக்குக் கிடைத்தது என்று பிற்காலத்தில் ட்சுங் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டிலும் நல்ல நேரம்தான். 1957 மார்ச்சில் பெய்ஜிங்கில் கட்சியின் பிரசார மாநாட்டுக்கு ஃபூ லெய்யை அழைத்திருந்தார்கள். 'நூறு பூக்கள் மலரட்டும்' என்று சொல்லப்பட்ட நாட்கள். மாவோ பேசியதை நேரில் கேட்டுவிட்டு, எவ்வளவு எளிமை, எவ்வளவு நகைச்சுவை, மனிதர் எதையும் திணிக்கவே இல்லை என்று மகனுக்கு உற்சாகமாக எழுதினார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மூன்றே மாதத்தில் காற்று திரும்பியது. குறை சொல்லுங்கள் என்று கேட்டவர்களே, சொன்னவர்களைப் பிடித்து 'வலதுசாரி' முத்திரை குத்தினார்கள். 5,50,000 பேருக்கு மேல் அந்த முத்திரை விழுந்தது. சீனத்தில் அதைத் 'தொப்பி' என்பார்கள். தொப்பி போட்டுவிட்டால் எழுத்து அச்சேறாது, நண்பர்கள் வரமாட்டார்கள், பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அடிபடும்.

ஃபூ லெய் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதினால் லேசாக விட்டுவிடலாம் என்று பேச்சு இருந்தது. எழுத மாட்டேன் என்றார், அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருந்ததில்லை என்றார். 1958 ஏப்ரல் 30 அன்று தொப்பி விழுந்தது. அன்று இரவு வெகுநேரம் அவர் வீடு திரும்பவில்லை. ஜூ மெய்ஃபூ வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். வந்ததும் அவர் சொன்னது: சின்னவன் மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், இன்று நான்... அதோடு நிறுத்திக்கொண்டார். ஆக, 1966இல் நடந்தது திடீரென்று நடந்ததல்ல. எட்டு ஆண்டுகளாக அந்த வாக்கியம் முடியாமல் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

பதிப்பகம், வேறு பெயரில் வெளியிட்டால் புத்தகம் போடலாம் என்றது. ஃபூ லெய் என்ற பெயரில்தான் வரும், இல்லையென்றால் வராது என்றார். மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. அச்சாகுமா என்றே தெரியாமல் பால்சாக்கைத் தொடர்ந்தார்.

1958 டிசம்பர்

இப்போது மகன் பக்கம் போவோம். 1957இல் ட்சுங்கையும் பெய்ஜிங்குக்கு வரவழைத்து, சுயவிமர்சனக் கூட்டங்களில் உட்காரவைத்துவிட்டுப் போலந்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 1958 முடிவில் படிப்பு முடிகிறது, நாடு திரும்ப வேண்டும். அப்பாவுக்கு என்ன நடந்தது என்பது காதுக்கு எட்டிவிட்டது. திரும்பினால் என்ன ஆகும் என்பதை அவரே பின்னாளில் சொன்னார்: மகன் தகப்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், தகப்பன் மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இருவரும் அதைச் செய்ய மாட்டோம். டிசம்பரில் வார்சாவிலிருந்து விமானம் ஏறி லண்டன் போனார். வயது 24.

இந்த முடிவைத்தான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளியாக எல்லாரும் பார்க்கிறார்கள். மகன் போனதால்தான் பெற்றோர் செத்தார்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது சரியில்லை என்பது என் கருத்து. அவர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கவே வேண்டாம், கண்ணெதிரே ஒரு உதாரணம் உண்டு. கு ஷெங்யிங் என்ற பியானோ கலைஞர், அதே ஷாங்காய்க்காரர், ட்சுங்கைவிட மூன்று வயது இளையவர், சர்வதேசப் பரிசுகள் வாங்கியவர். நாட்டிலேயே இருந்தார். 1967 தொடக்கத்தில், அவமானக் கூட்டத்துக்குப் பிறகு, அம்மாவோடும் தம்பியோடும் சேர்ந்து உயிரை விட்டார். 1955இலேயே சிறைக்குப் போயிருந்த அவர் அப்பா, இருபது ஆண்டு கழித்து வெளியே வந்தபோதுதான் வீட்டில் யாருமே இல்லை என்பது தெரிந்தது. போகாமல் இருந்த குடும்பத்துக்கு நடந்தது இது.

வீட்டில் உடனடி விலையைக் கொடுத்தவர் தம்பி. ஃபூ மின்னுக்கு வயலின் படிக்க ஆசை இருந்தது. ஒரு வீட்டில் ஒரு இசைக்காரனைத்தான் வளர்க்க முடியும், நீ ஆரம்பித்ததும் தாமதம், உனக்கு ஆசிரியர் வேலைதான் பொருந்தும் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். வெளியுறவுப் பணிக்கான படிப்பில் சேர்ந்தவர், அண்ணன் வெளியேறிய பின் அந்தப் பாதை மூடி, கடைசியில் பெய்ஜிங்கில் பள்ளி ஆங்கில ஆசிரியரானார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஃபூ மின்னை ஓரமாகவே நிறுத்திவைக்கிறார்கள். எனக்கு என்னவோ, அதிகம் சுமந்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

காகிதத்தில் கட்டிய வீடு

மகன் லண்டன் போன பிறகு பத்து மாதம் கடிதம் இல்லை. 1959 அக்டோபர் 1 அன்று, அதுவும் தேசிய நாளில், அப்பா மறுபடி எழுதினார். இந்தப் பத்து மாதமும் என் மனம் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும் என்று ஆரம்பித்தார். அதிகாரத்தில் இருந்தவர்கள் இந்தக் கடிதப் போக்குவரத்தை அனுமதித்தார்கள். மகன் எதிரிகளின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடாமல் இருக்க அப்பாவின் கடிதம் உதவும் என்ற கணக்கு அதில் இருந்தது. அப்பாவும் அதற்கேற்ற நிபந்தனைகளை வைத்தார். தைவானுக்குப் போகாதே. நாட்டுக்கு எதிராக எதையும் சொல்லாதே, செய்யாதே. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காதே.

ஆனால் கடிதங்களைத் திறந்து பார்த்தால் அரசியல் கொஞ்சம்தான். சாப்பாட்டு மேசையில் கையை எங்கே வைக்க வேண்டும், கோட்டைக் கழற்றும்போது கழுத்துத் துணியையும் கழற்று, பணத்தை எண்ணிச் செலவழி, மொசார்ட்டை வாசிக்கும் முன் எதைப் படி, மனைவியிடம் எப்படிப் பொறுமையாக இரு என்றெல்லாம் போகும். முதலில் மனிதன், பிறகு கலைஞன், பிறகு இசைக்காரன், கடைசியில்தான் பியானோக்காரன் என்பதே அவர் மகனுக்கு வைத்த வரிசை. 1960இல் ட்சுங், வயலின் மேதை யெஹூதி மெனுஹினின் மகள் சமீராவைத் திருமணம் செய்துகொண்டார். சீனம் தெரியாத மருமகளுக்காக மாமனார் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தனியாக எழுதத் தொடங்கினார். ஊரே ஒதுக்கிவைத்த மனிதர், மாடி அறையில் உட்கார்ந்து, முகம் பார்க்காத மருமகளுக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுக்கிறார்.

மறுபக்கத்தில் ஜூ மெய்ஃபூ. கணவரின் கையெழுத்துப் படிகளை நகலெடுப்பதிலிருந்து வீட்டின் கோபதாபங்களைத் தாங்குவது வரை எல்லாம் அவர். பஞ்ச காலத்தில், அப்பா கேட்க மாட்டார், நான்தான் கேட்கிறேன் என்ற தொனியில் மகனுக்கு எழுதியதும் அவர்தான். லண்டனிலிருந்து உணவுப் பொட்டலங்கள் வந்தன. 1961 செப்டம்பரில் வலதுசாரித் தொப்பி எடுக்கப்பட்டது. ஃபூ லெய் சந்தோஷப்படவில்லை, அந்தத் தொப்பி எனக்கு உரியதே அல்லவே என்றார்.

1964இல் ட்சுங் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் நாடு நாடாகக் கச்சேரிக்குப் போக முடியாது, கச்சேரி இல்லாவிட்டால் சோறு இல்லை. அப்பாவுக்கு அது பெரிய அடி. மூன்று நிபந்தனைகளில் ஒன்று போனது. காரணம் புரியாதவர் அல்லர் அவர், புரிந்தும் வலித்தது. அதே ஆண்டு பேரன் பிறந்தான். லிங்ஷியாவ் என்று தாத்தா பெயர் வைத்தார், வானம் தொடுபவன் என்ற பொருளில். தாத்தாவும் பாட்டியும் அவனைத் தூக்கவே இல்லை.

1965இல் ட்சுங் ஹாங்காங்குக்குக் கச்சேரிக்கு வந்தார். அங்கிருந்து வீட்டுக்குத் தொலைபேசி. அன்று காலை ஜூ மெய்ஃபூ எழுந்து கணவரிடம் ஒரு கனவைச் சொன்னார். ட்சுங் இன்னும் கைக்குழந்தையாம், பால் கொடுத்தாராம், தூங்கியதும் கட்டிலில் கிடத்தினாராம். சொல்லி அரை மணியில் தொலைபேசி மணி அடித்தது. நாள் முழுக்க எங்களுக்கு வேலையே ஓடவில்லை, தரையில் கால் படவில்லை என்று அப்பா எழுதினார். மகனின் குரல் முன்பிருந்ததைப் போலவே இருக்கிறது என்றும் குறித்துவைத்தார். ஹாங்காங்கும் ஷாங்காயும் எவ்வளவு பக்கம்! நேரில் சந்திக்க மட்டும் வழி இல்லை.

நான்கு பகல், மூன்று இரவு

1966 ஆகஸ்டில் அவர்கள் எழுதிய கடைசிக் கடிதம் ஆங்கிலத்தில், பேரனின் இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி. பழையதையெல்லாம் ஒழிக்க மாவோ தொடங்கிவைத்த பண்பாட்டுப் புரட்சி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. ஃபூ லெய்க்குக் கண்ணும் போய்க்கொண்டிருந்தது, கண்புரை.

ஆகஸ்ட் 30 அன்று, அந்தப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் வந்தார்கள். நான்கு பகல் மூன்று இரவு தேடினார்கள். தரையைப் பெயர்த்தார்கள், தோட்டத்தைத் தோண்டினார்கள். ஒரு பெட்டிக்குள்ளிருந்து, கம்யூனிஸ்ட்களிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கைஷேக்கின் படம் பதித்த பழைய சிறு கண்ணாடியும், அவர் மனைவியின் படம் உள்ள பழைய பத்திரிகையும் கிடைத்தன. பெட்டி உறவினர் ஒருவர் என்றோ வைத்துவிட்டுப் போனது, ஃபூ லெய் அதைத் திறந்ததே இல்லை. அடுத்தவர் பெட்டியை எப்படித் திறப்பது? ஒரு நேர்மையான மனிதரின் பழக்கமே அவருக்கு எதிரான சாட்சியானது. கணவனையும் மனைவியையும் வாசலில் நிற்கவைத்து ஊர் பார்க்க அவமானப்படுத்தினார்கள். அந்தப் பொருட்கள் எங்களுடையவை என்று சாகும்வரை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்பதையும் கடைசிக் கடிதத்தில் தெளிவாக எழுதினார்.

1958இல் அவரைத் தடுத்தது சின்னவனின் படிப்பு. 1966இல் சின்னவன் வேலைக்குப் போய்விட்டார், பெரியவன் எட்டாத தூரத்தில். காத்திருக்க வேண்டிய பொறுப்புகள் தீர்ந்துவிட்டன என்று அந்த வீடு நினைத்திருக்க வேண்டும். மகன் 'துரோகி' என்ற வரியை அவர் மனதார எழுதினாரா? நான் அதை அப்படிப் படிக்கவில்லை. உயிரோடு இருக்கும் மற்றவர்களுக்காக, அன்றைய மொழியில் எழுதப்பட்ட ஒரு வரி அது. பன்னிரண்டு ஆண்டுக் கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

ட்சுங்குக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று. பெய்ஜிங்கில் ஃபூ மின்னும் அந்த ஆண்டுகளில் உயிரை விடத் துணிந்து, பிழைத்துக்கொண்டார்.

அஸ்தி

மக்களிடமிருந்து தாங்களே விலகிக்கொண்டவர்கள் என்று முத்திரை விழுந்ததால் அவர்களுடைய அஸ்தியை வைத்திருக்க மாட்டார்கள், வீசிவிடுவார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு பெண், வயது முப்பதுகூட ஆகவில்லை, தகனக்கூடத்துக்குப் போய் நான் ஃபூ லெய்யின் வளர்ப்பு மகள் என்றார். உண்மையில் அவர் அந்தக் குடும்பத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகங்களை மட்டும் படித்திருந்தார். பள்ளிக் காலத்தில் ஓர் ஆசிரியருக்கு எதிராகப் பொய் சொல்ல மறுத்து, அதனால் கல்லூரி வாய்ப்பை இழந்தவர். அஸ்தியை வாங்கிப் பத்திரப்படுத்தினார். ஃபூ லெய் நாட்டுப்பற்று உள்ளவர் என்று பிரதமர் சூ என்லாய்க்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார். கண்டுபிடித்து விசாரித்தார்கள். பல ஆண்டுகள் பயத்தில் வாழ்ந்தார். பின்னாளில் குடும்பம் நன்றி சொல்ல வந்தபோது எந்தக் கைம்மாறும் வாங்க மறுத்துவிட்டார். அவர் விளம்பரம் விரும்பியதே இல்லை, அதனால் பெயரை நானும் எழுதவில்லை. பெற்ற மகன்கள் இருவராலும் செய்ய முடியாததை, யாரோ ஒரு வாசகி 'மகள்' என்று சொல்லிக்கொண்டு செய்தார்.

1979 ஏப்ரல் 26 அன்று ஷாங்காயில் முறையான அஞ்சலிக் கூட்டம் நடந்தது, வலதுசாரி முத்திரை தவறு என்று அறிவிக்கப்பட்டது. ட்சுங் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக வந்தார். அதன்பின் அடிக்கடி வந்து சீன மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். லண்டனில்தான் வாழ்ந்தார். 2020 டிசம்பர் 28 அன்று, கொரோனா தொற்றில், 86 வயதில் அங்கேயே இறந்தார். ஃபூ மின் 1979இல் லண்டனுக்கு அண்ணனிடம் போனார். அங்கேயே இருந்துவிடு என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஓர் ஆண்டுக்குள் திரும்பி வந்து, பெய்ஜிங்கில் அதே பள்ளி ஆசிரியர் வேலையைத் தொடர்ந்தார். அப்பாவின் கடிதங்களைத் தொகுத்து 1981இல் நூலாக்கியவர் அவர்தான். சீனத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் இன்றுவரை வாங்கிப் படிக்கும் நூல் அது.

2013 அக்டோபரில் இருவரின் அஸ்தியும் ஃபூ லெய் பிறந்த நன்ஹுய் இன்று அடங்கியுள்ள புதோங்கில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லில், அவர் மகனுக்கு எழுதிய ஒரு வரி: கள்ளமில்லாத குழந்தை மனம் தனித்துப்போனால் தனக்கென ஓர் உலகத்தைப் படைத்துக்கொள்ளும்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசியாகச் சொல்லும் இந்தச் சிறு விஷயம். அப்பா எழுதிய கடிதங்கள் பிழைத்தது அவை லண்டனில் இருந்ததால். கைப்பற்றப்பட்ட ஷாங்காய் வீட்டில் இருந்த மகனின் பதில்களோ போயே போய்விட்டன. நாட்டைவிட்டுப் போனவன் இழுப்பறைதான் வீட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஆனால் 1980களில் ஷாங்காய் இசைக் கல்லூரியில் பழைய பறிமுதல் பொருட்களுக்கு நடுவே சில கையெழுத்துக் குறிப்பேடுகள் கிடைத்தன. மகனின் கடிதங்களிலிருந்து முக்கியமான பகுதிகளை அப்பா தேர்ந்தெடுத்துப் பிரித்திருந்தார், படிப்பு ஒரு தொகுதி, இசை பற்றிய பேச்சு ஒரு தொகுதி. எழுதியிருந்த கை ஜூ மெய்ஃபூவுடையது. மகனின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மா தன் சீரான எழுத்தில் நகலெடுத்திருந்தார்.